கோடுகளாய்ப் போய்ச் சேர்ந்த வீடு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் பூட்டுக்காரன் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் மூன்று நாள் பழியாய் உட்கார்ந்திருந்துவிட்டு, "இனி ஒரு பய உள்ள வர முடியாது" என்று எழுந்ததோடு நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு கதையில் ஒரு மாதம் ஓடிவிட்டது. அவன் எதற்காக உட்கார்ந்தான் என்பதை மறந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன், சொல்லவே வாய் கசந்தாலும்.

அவன் மனைவிக்கு மூன்றாவது முறையும் கரு தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவள் மழைக்கோட்டு ஒன்று வாங்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். பக்கம் முழுக்கத் தொட்டில் விளம்பரங்கள். அதற்கடுத்த வாரம், 'உங்கள் குழந்தை இப்போது எலுமிச்சை அளவில்' என்று ஒரு வாழ்த்து. இன்னொரு வாரம் போனதும் எலுமிச்சை ஆரஞ்சாக வளர்ந்தது. அவள் என்ன தேடினாள், எந்த டாக்டரைப் பற்றிப் படித்தாள், எந்த மாத்திரையின் விலை பார்த்தாள் என்று பின்னாலேயே மோப்பம் பிடித்து வந்த கூட்டம், குழந்தை போய்விட்டது என்பதை மட்டும் மோப்பம் பிடிக்கவில்லை. அல்லது பிடித்தும், அதில் காசு இல்லை என்று விட்டுவிட்டதோ என்னவோ.

இது போதாதென்று, பூட்டுக்காரனின் அக்கா ஒரு நாள் வந்தபோது அந்த ஆரஞ்சைப் பார்த்துவிட்டாள். தம்பி அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ. அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு உறவினர்கள் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். பதினோரு பேரிடமும் பூட்டுக்காரன் மனைவியே, தன் வாயாலேயே, இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் பூட்டுக்காரன் உட்கார்ந்தான். ஒரு கதவுக்கு ஏழு பூட்டு மாட்டச் சொல்லி வருகிற வாடிக்கையாளர்களைப் பார்த்து, "திருடனை விடுங்க, நீங்க உள்ள போகணுமே" என்று கிண்டல் செய்கிறவன் அவன். தன் மனைவி விஷயம் என்று வந்ததும் அந்தப் புத்தியெல்லாம் போய்விட்டது. கண்காணிப்புக்குப் பயந்தவர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்தில் நூற்று நாற்பது வரிப் பட்டியல் ஒன்று கிடைத்தது. பிரவுசரில் எதையெதை அடைக்க வேண்டும் என்ற பட்டியல். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று பார்க்காமல் மொத்தத்தையும் அப்படியே எடுத்துப் போட்டான். கம்ப்யூட்டரில் மட்டுமல்ல, இருவரின் செல்போனிலும்.

தொட்டில் போயிற்று. எலுமிச்சை போயிற்று. கூடவே பஸ் டிக்கெட் எடுக்கும் பக்கம் போயிற்று, மின்கட்டணப் பக்கத்தில் பொத்தான் போயிற்று. ஒவ்வொரு தளமும் அவர்களை முன்பின் பார்த்தறியாதது மாதிரி, தினமும் யார் நீ என்று கேட்டது. அவள் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். யாரும் தன்னைப் பார்க்காமல் விட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இனி இன்றைய கதை.

பூட்டுக்காரன் மனைவியைத் தெருவில் எல்லோரும் லேப் அம்மா என்பார்கள். பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருஷ வேலை. காலையிலிருந்து மதியம்வரை மூடி போட்ட டப்பாக்கள் வரிசையாக வரும். உள்ளே மனிதர்கள் வெளியே சொல்லக் கூசுகிற எல்லாம் இருக்கும். அவள் சீட்டு ஒட்டி, கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் கண் பதிப்பாள். முகம் சுளித்ததே கிடையாது. உடம்பு என்றால் இதுதானே என்பாள். அவளுக்குக் குமட்டலை உண்டாக்கிய ஒரே பொருள் அந்த ஆரஞ்சுப் பழப் படம்தான்.

பதினொன்றரை மணிக்கு அவள் செல்போன் அடித்தது. தத்து மையத்தில் அவர்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி.

லேப் அம்மாவின் கை தானாகவே ரப்பர் உறையைக் கழற்றியது. எப்போதோ பதிந்து வைத்துக் காத்திருந்ததில், இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை அவர்களுக்கென்று ஒதுக்கி ஆறு வாரம் ஆகிறது. ஒரே ஒரு படம் காட்டியிருந்தார்கள். குழந்தை தன் இடது காதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, படம் எடுப்பவரைச் சந்தேகமாகப் பார்த்தது. பெயர் சொல்லவில்லை. லேப் அம்மா மனதுக்குள் காதம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோவுக்கோ அந்தப் பதினோரு பேருக்கோ இதில் ஒரு சொல்கூடத் தெரியாது. குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்வது என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்திருந்தார்கள்.

அதிகாரியின் குரலில் எரிச்சல் வழிந்தது. வீட்டின் படங்களும் மருத்துவ அறிக்கைகளும் கேட்டோம். அனுப்பினீர்கள். மூன்று தடவை அனுப்பினீர்கள்.

"மூணு தடவையும் கலர் கலரா கோடுதாம்மா வந்திருக்கு. சமையலறைன்னு போட்டு கோடு. படுக்கையறைன்னு போட்டு கோடு. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுன்னு போட்டும் கோடு. எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

லேப் அம்மாவுக்குப் புரியவில்லை. தங்கள் வீட்டுத் திரையில் படங்கள் பளிச்சென்று தெரிந்தனவே. துடைத்து வைத்த அடுப்பு, மடித்து வைத்த போர்வை, ஜன்னலோரம் காலியாக விட்ட இடம். எல்லாம் அவளே பார்த்துப் பார்த்து எடுத்தவை. ஒவ்வொரு தடவையும் கணவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து அனுப்பினான்.

ஒவ்வொரு தடவையும் தளத்திலேயே செய்தி போட்டிருக்கிறோமே, பார்க்கவில்லையா என்று கேட்டார் அதிகாரி. எங்கள் கம்ப்யூட்டரில் செய்திப் பக்கம் வெறுமையாகத்தான் வரும் என்று சொல்ல லேப் அம்மாவுக்கே வெட்கமாக இருந்தது. சாக்குச் சொல்வது போல அது அவள் காதிலேயே விழுந்தது.

இன்று ஐந்து மணிக்குக் கோப்பு மூடப்படும். அதற்குள் சரியான படங்களும் இருவரின் சம்மதமும் வந்து சேராவிட்டால் குழந்தை பட்டியலில் அடுத்த தம்பதிக்குப் போகும். இதைச் சொல்லிவிட்டு அதிகாரி வைத்துவிட்டார்.

அவள் பக்கத்து மேஜைக்காரியிடம் மீதி டப்பாக்களை ஒப்படைத்தாள். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். லேப் கம்ப்யூட்டரில் வெளித் தளங்கள் திறக்காது. ஒரு மணிக்கு வீட்டில் இருந்தாள்.

பூட்டுக்காரன் கடையை அடைத்துவிட்டு வர ஒன்றரை ஆயிற்று. சட்டைக் காலரில் பித்தளைத் தூள் மின்னியது. விஷயத்தை முழுவதும் கேட்டான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காரணத்தை ஒரு தடங்கலும் இல்லாமல் விளக்கினான். நாம் கொடுக்கிற படம் பெரிது. தளம் அதை அனுப்புமுன் சின்னதாக்கி மறுபடி வரைந்துகொள்ளும். அப்படி வரையும் விதத்தை வைத்தே இது இன்னாருடைய கம்ப்யூட்டர் என்று கண்டுபிடிக்கலாமாம். அதனால் அந்தப் பட்டியலில் ஒரு வரி, வரைகிற நேரத்தில் குப்பையைக் கலந்துவிடுகிறது. நமக்குக் காட்டுவது நிஜப் படம். அங்கே போய்ச் சேருவது கோடு.

"அப்ப அந்த வரியை எடுத்துடுங்க" என்றாள்.

எந்த வரி என்று தெரியாது, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். ஒரு வரியை எடுப்பான், பிரவுசரை மூடித் திறப்பான், அது உடனே எல்லாவற்றையும் மறந்துபோய் மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கொடுத்தால், நீ மனிதன்தானா நிரூபி என்று கட்டம் கட்டமாகப் படங்கள் காட்டும். போக்குவரத்து விளக்கு எது, படிக்கட்டு எது என்று லேப் அம்மா தொட்டுத் தொட்டுக் காட்டினாள். போதாது, இன்னும் காட்டு என்றது. தன் குழந்தையைக் கேட்டு நிற்கும் ஒருத்தியை உட்காரவைத்து, படிக்கட்டை எண்ணச் சொல்லும் கேவலத்தை என்னவென்று சொல்வது.

செல்போனில் முயன்றாள். வெள்ளைப் பக்கம்.

மணி மூன்றானது. மொத்தமாக எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்றாள்.

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "எல்லாத்தையும் திறந்தா பழைய குப்பை எல்லாம் திரும்ப வரும். உன்னால தாங்க முடியுமா?"

"வரட்டும்."

"யோசிச்சுச் சொல்லு."

"வரட்டும்னு சொன்னேன்."

அவன் திறக்க ஆரம்பித்தான். ஆனால் அதற்குள் அவர்கள் தட்டிய தட்டில் தளமே மிரண்டுவிட்டது. இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அளவுக்கு மீறி முயற்சி நடந்திருக்கிறது, இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று ஒரு சிவப்புப் பட்டை. மூன்று நாற்பது. பூட்டுக்காரன் பெருமூச்சு விட்டான். தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போகலாமா என்றான். தன் மூன்று டிஸ்சார்ஜ் சீட்டுகளையும் முன்பின் தெரியாதவனின் கம்ப்யூட்டரில் போடுவதை நினைத்தாள். அந்தக் கடை இந்த நேரத்தில் மூடியிருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது.

பூட்டு இல்லாத கருவி இந்தக் குடும்பத்தில் ஒருத்தியிடம் மட்டும்தான் இருந்தது. இரண்டு தெரு தள்ளி.

"அண்ணி வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"வேணாம்." அவன் எழுந்தேவிட்டான். "எங்க வேணா போலாம். அக்கா வீடு மட்டும் வேணாம்."

ரேடியோவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று பயப்படுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆரஞ்சு வாழ்த்து, பதினோரு போன், அந்த நாளை இன்னும் மறக்கவில்லை. யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை பூட்டுப் போட்டார்களோ, அவள் வாசலிலேயே போய் நின்று தானாகச் சொல்வது என்றால் உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவன் பின்னாலேயே வருகிறானா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ரேடியோ அண்ணி தனி ஆள். புருஷன் கப்பல் வேலை, வருஷத்தில் பத்து மாதம் கடலில். கதவு திறந்தே கிடந்தது. டேப்லெட் சோபாவில் கிடந்தது. அதன் திரையில் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு படலமாய்ப் படிந்திருந்தன. தொட்டதும் ஒரு விளம்பரத்தில் நாணயங்கள் கொட்டின, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்றது. அதை மூடினால் தொப்பை கரைய ஒரு பொடி. அதையும் மூடினால் யாரோ ஒருத்தி கண்ணடித்தாள். சாம்பிள் டப்பாவுக்குச் சுளிக்காத லேப் அம்மாவின் முகம் இதற்குச் சுளித்தது. ஒரு துணியை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தாள்.

பிறகு அண்ணியிடம் சொன்னாள். சுருக்கமாக, நின்றுகொண்டே. தத்துக்குப் போட்டிருக்கிறோம், குழந்தை ஒதுக்கியிருக்கிறார்கள், ஐந்து மணிக்குள் படம் போக வேண்டும். படங்களை டேப்லெட்டுக்குக் கொண்டுவர வேறு வழி தெரியாமல், அதிலும் ஓடுகிற அண்ணியின் வாட்ஸாப் எண்ணுக்கே அனுப்பினாள். ஒன்பது வீட்டுப் படங்கள். அவற்றுக்குக் கீழே மூன்று டிஸ்சார்ஜ் சீட்டுகள், தேதியோடு, காரணத்தோடு. ரேடியோவின் செல்போன் பன்னிரண்டு தடவை டிங் டிங் என்றது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்கு ஆடையை ஒவ்வொன்றாகக் கழற்றுவது போல இருந்தது.

அண்ணி அதை எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு, "உட்காந்து செய்" என்று மட்டும் சொன்னாள்.

மணி நான்கு இருபத்தைந்து. லேப் அம்மா தத்து மையத்தின் முகவரியில் முதல் எழுத்தைத் தட்டினாள். மீதியை டேப்லெட்டே எழுதிக்கொண்டது. பக்கம் திறந்தது. பெயர் கேட்கவில்லை, கடவுச்சொல் கேட்கவில்லை, படிக்கட்டு காட்டச் சொல்லவில்லை. உச்சியில் அவர்களுடைய கோப்பு எண். 'வணக்கம், மீண்டும் வருக' என்று அதற்குக் கீழே.

மீண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அவள் திரையையே பார்த்தாள். வீட்டில் வெறுமையாக வரும் செய்திப் பக்கம் இங்கே நிரம்பியிருந்தது. அதிகாரியின் மூன்று செய்திகள். 'படங்கள் கோடுகளாக வந்துள்ளன, மீண்டும் அனுப்பவும்.' 'மீண்டும் அதே நிலை.' 'இறுதி நினைவூட்டல்.' ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன எழுத்தில், படித்தாயிற்று. தேதி. நேரம். கடைசிச் செய்தி நான்கு நாளுக்கு முன், மாலை ஆறு பத்துக்குப் படிக்கப்பட்டிருந்தது.

"அண்ணி, இதை யார் திறந்தாங்க?"

அண்ணி சங்கடமாக நெளிந்தாள். "தம்பிதான். ரெண்டு மூணு தடவை வந்தான். வீட்ல திறக்க மாட்டேங்குதுன்னான். என்னடா அதுன்னு கேட்டதுக்கு, அவளுக்கு ஏதோ சர்ப்ரைஸ், மூச்சு விடாதேன்னான். நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. இது ஒண்ணையாவது சொல்லாம இருப்போமேன்னு இருந்தேன்."

வாசலில் நிழல் விழுந்தது. பூட்டுக்காரன் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

லேப் அம்மா எழுந்து கத்தவில்லை. முதலில் வேலையை முடித்தாள். அடுப்பு, போர்வை, ஜன்னலோரத்துக் காலி இடம், ஒவ்வொன்றாக ஏற்றினாள். பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. அங்கே எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் இடத்தைத் தட்டிப் பார்த்தாள். வீடு வீடாகவே தெரிந்தது. கோடு இல்லை.

கடைசிப் பக்கம். இருவரின் சம்மதம். அவள் செல்போனுக்கு ஆறு இலக்க ரகசிய எண் வந்தது, போட்டாள். அடுத்து அவன் எண்ணுக்கு. வாசலில் அவன் கையிலிருந்த செல்போன் ஒரு தடவை அதிர்ந்தது. மணி நான்கு ஐம்பத்திரண்டு.

அவள் அப்போதுதான் திரும்பினாள்.

"கோடாதான் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"முதல் தடவை தெரியாது" என்றான்.

ரேடியோ அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் பேச ஆரம்பித்தான். அதிகாரியின் முதல் செய்தியைப் பார்த்ததும் சரி செய்யத்தான் நினைத்தானாம். எந்த வரி என்பதும் அன்றே தெரிந்துவிட்டதாம். அன்றிரவு தூக்கம் வரவில்லையாம். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லையாம், அவள் ஜன்னலோரத்தில் இடத்தைக் காலி செய்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகு. கோடு அதுபாட்டுக்குப் போகட்டும், அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடட்டும், யார் மேலும் பழி இல்லை என்று விட்டுவிட்டானாம்.

"அந்தக் குழந்தை வந்து, அதுக்கும் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? உன்னை இன்னொரு தடவை அப்படிப் பார்க்க என்னால முடியாது. பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவன் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. பயம் நிஜம்தான். ஆனால் இன்று மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று நாற்பதுவரை அவன் ஒவ்வொரு வரியாக எடுத்து எடுத்துப் பார்த்தது, அவள் குனிந்து குனிந்து படிக்கட்டுகளைத் தொட்டுக் காட்டியது, பக்கத்தில் உட்கார்ந்து அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது, 'உன்னால தாங்க முடியுமா' என்று கேட்டது, எல்லாம் அவள் தொண்டைக்கு வந்தன. பதினொரு வருஷமாக எந்த டப்பாவைத் திறந்தும் வராத குமட்டல் அது. கட்டியவன் முகத்தைப் பார்த்து வந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். "வேணாம்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். ஆனா உங்களை மனுஷனா நினைச்சிருப்பேன்."

நான்கு ஐம்பத்தாறு. டேப்லெட்டின் ஓரத்தில் மறுபடியும் யாரோ கண்ணடித்தாள்.

லேப் அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. அவளே அவன் விரல்களுக்குள்ளிருந்து செல்போனை எடுத்தாள். அவன் இறுக்கிப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அடுத்தவர் தன் விஷயத்தில் மூக்கை நுழைத்தால் உடம்பு எரியும் ஒருத்தி, இன்னொருவன் செல்போனைத் திறந்து, அவனுக்கு வந்த ஆறு இலக்கத்தைப் படித்து, டேப்லெட்டில் அவன் பெயருக்கு நேராகத் தன் விரலால் ஒவ்வொன்றாகப் போட்டாள். 'நான் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினாள்.

"அம்மாடி, அவன் சரின்னு சொல்லலையே" என்றாள் அண்ணி மெதுவாக.

திரையில் ஒரு வட்டம் சுற்றி நின்றது. இருவரின் சம்மதமும் பெறப்பட்டது. நாளைக் காலை பதினொரு மணிக்கு வீடு பார்க்க வருகிறோம். கணவர், மனைவி இருவரிடமும் தனித்தனியே பேசுவோம்.

லேப் அம்மா அதைச் சத்தமாக, ஒரு சொல் விடாமல் படித்தாள். செல்போனை அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"நாளைக்கு அவங்ககிட்ட என்ன வேணாலும் சொல்லுங்க" என்றாள். "வாயைத் திறந்து சொல்லுங்க."